உயர்நிலை ஆங்கிலச் சொற்களைக் கற்பது: எதை முதலில், எதை அப்புறம்

காரைக்குடியில் மூன்று வகை ஆட்களோடு உட்கார்ந்து ஆங்கிலச் சொல் படித்திருக்கிறேன். மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி தேர்வு, வங்கித் தேர்வு எழுதுபவர்கள் ஒரு வகை. ஐஇஎல்டிஎஸ் எழுதி வெளிநாடு போக நினைப்பவர்கள் இன்னொரு வகை. கானாடுகாத்தான், ஆத்தங்குடி பக்கம் பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வரும் வெளிநாட்டவரை அழைத்துப் போய்ச் சுற்றிக் காட்டும் பிள்ளைகள் மூன்றாவது வகை. மூவரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான்: சொல்லின் பொருள் தெரியும், அது எந்தச் சொல்லோடு சேரும் என்பது தெரியாது. கீழே உள்ள வரிசை அந்த ஒரு குறையைச் சரிசெய்வதற்காகவே அமைந்தது. வரிசையை மாற்றாமல் செய்து பாருங்கள்.

ஆங்கிலச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். உங்கள் நோட்டில் ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். எழுத்துக்கூட்டல் சந்தேகமாக இருந்தால் அகராதியில் தேடிப் பிடியுங்கள், அதுவும் பயிற்சிதான்.

1. கையில் இருக்க வேண்டியவை

ஒரு நல்ல கற்போர் அகராதி வேண்டும், ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே விளக்கம் தருவது. ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ், லாங்மேன், கேம்பிரிட்ஜ் மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சாதாரண அகராதி ஒரு கடினச் சொல்லை இன்னொரு கடினச் சொல்லால் விளக்கும். கற்போர் அகராதி அப்படிச் செய்யாது. லாங்மேன் ஏறக்குறைய 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எல்லா விளக்கத்தையும் எழுதுகிறது. ஒன்றைப் பிடித்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒரு அகராதி என்று தாவினால் அதன் குறியீடுகள் பழகவே பழகாது.

கோடு போட்ட நோட்டு ஒன்று. அப்புறம் சின்ன அட்டைகள். நம் ஊரில் அட்டைக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. முகூர்த்த மாதம் முடிந்ததும் வீட்டில் சேர்ந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளின் உள் அட்டையை நாலாக வெட்டினால் போதும். பின்பக்கம் வெறுமையாக, பேனா ஊறாத தடிப்பில் இருக்கும்.

தினமும் நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள்: இருபது படிக்க, பத்து நோட்டு எழுத, பத்து அட்டை புரட்ட. ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் உட்கார்ந்து மற்ற நாளெல்லாம் விட்டுவிடுபவர்களுக்குச் சொல் நிற்பதில்லை. மறக்கத் தொடங்கும் நேரத்தில் மறுபடி கண்ணில் பட்டால்தான் ஒரு சொல் நிலைக்கும். அதற்குத் தினசரி தொடர்பு வேண்டும்.

2. அடித்தளத்தைச் சோதிப்பது

பலர் இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராக ஜிஆர்இ (வெளிநாட்டு மேல்படிப்புக்கான தேர்வு) சொற்பட்டியலுக்குப் போகிறார்கள். ‘அப்ஸ்ட்ரூஸ்’ தெரியும், ‘தோ’வுக்கும் ‘த்ரூ’வுக்கும் வித்தியாசம் தெரியாது என்ற நிலை அப்படித்தான் வருகிறது.

ஒரு ஆங்கில நாளிதழின் நடுத்தரக் கட்டுரை ஒன்றை எடுங்கள். நூறு சொல் எண்ணிக் கோடு போடுங்கள். அதற்குள் பொருள் தெரியாத சொற்களுக்கு அடிக்கோடு இடுங்கள். இரண்டு அல்லது அதற்குக் குறைவு என்றால் அந்த நடை உங்களுக்குச் சரியான நடை. மூன்று முதல் ஐந்து என்றால் கொஞ்சம் மூச்சு வாங்கும், ஆனாலும் போகலாம். ஐந்துக்கு மேல் என்றால் இறங்கி வாருங்கள்.

இந்தக் கணக்கு சும்மா வந்ததில்லை. நியூசிலாந்தைச் சேர்ந்த சொல் ஆய்வாளர் பால் நேஷன், ஒரு பக்கத்தில் 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருந்தால்தான் மீதியை இடம் பார்த்து ஊகிக்க முடியும் என்ற அளவை எடுத்துக்கொண்டார். நாவலையும் நாளிதழையும் அந்த அளவில் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை என்று 2006-இல் கணக்கிட்டார். சொற்குடும்பம் என்றால் ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும் சேர்ந்தது.

இறங்கி வர வேண்டியிருந்தால் ஆக்ஸ்ஃபோர்டு 3000 என்ற பட்டியல் இருக்கிறது. எளிய நிலையிலிருந்து நடுநிலை வரை தரம் பிரித்து வைத்திருப்பார்கள். அதை முடித்தால் அடுத்த 2,000 சொற்களைச் சேர்த்த ஆக்ஸ்ஃபோர்டு 5000. அந்த 2,000-த்தில் கை வைக்கும்போதுதான் உயர்நிலைச் சொல் என்ற பேச்சே தொடங்குகிறது.

3. எதற்காக என்பதை முடிவு செய்வது

எஸ்எஸ்சி தேர்வில் ஒரே பொருள் தரும் சொல், எதிர்ச்சொல், ஒரு தொடருக்கு ஒரு சொல், மரபுத்தொடர் என்று நேரடியாகக் கேட்பார்கள். அங்கே பார்த்தவுடன் அடையாளம் தெரிந்தால் போதும். ஐஇஎல்டிஎஸ் வேறு மாதிரி. எழுத்திலும் பேச்சிலும் சொல்வளத்துக்கு நாலில் ஒரு பங்கு மதிப்பெண். ஏழு பேண்டு (அந்தத் தேர்வின் மதிப்பெண் நிலை) வேண்டுமென்றால் அதிகம் புழங்காத சொற்களை நடை தெரிந்து, சேர்க்கை தெரிந்து பயன்படுத்த வேண்டும் என்று அவர்களுடைய மதிப்பீட்டுக் குறிப்பிலேயே இருக்கிறது. மேல்படிப்புக்குப் போகிறவர்களுக்கு 570 சொற்குடும்பங்கள் கொண்ட அகாடமிக் வேர்டு லிஸ்ட் உண்டு. ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்டது, அதிகம் வருபவை முதலில் வருமாறு பத்துப் பகுதியாகப் பிரித்தது. முதல் பகுதியிலிருந்தே தொடங்குங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு நோக்கம். ஜிஆர்இ, ஐஇஎல்டிஎஸ், வங்கி மூன்றுக்கும் சேர்த்துப் படிக்கிறேன் என்பவர்களின் நோட்டில் எல்லாம் இருக்கும், எதுவும் வாயில் வராது.

4. படிக்க எதை எடுப்பது

தெரிந்த விஷயத்தை ஆங்கிலத்தில் படியுங்கள். இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். விஷயம் தெரிந்திருந்தால் தெரியாத சொல்லின் பொருள் தானாகப் பிடிபடும். விஷயமும் புதிது, சொல்லும் புதிது என்றால் இரண்டும் கையை விட்டுப் போகும்.

நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி, ஆத்தங்குடித் தரைக்கல் பற்றி, சமையல் பற்றி, கண்டாங்கிச் சேலை பற்றி ஆங்கிலத்தில் நிறைய எழுதியிருக்கிறார்கள். உலகப் பாரம்பரிய இடங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தபோது எழுதப்பட்ட விவரிப்பு அவர்களுடைய இணையதளத்திலேயே கிடைக்கிறது. வளவு என்றால் வீட்டின் உள்முற்றம் என்பது நமக்குத் தெரியும். அதைச் சுற்றி அவர்கள் என்ன சொற்களைப் போடுகிறார்கள் என்று பார்ப்பதுதான் வேலை. சமையல் குறிப்பு என்றால் ‘பஞ்ஜன்ட்’, ‘அரோமாட்டிக்’, ‘சிம்மர்’ எல்லாம் நாக்கும் மூக்கும் அறிந்த பொருளோடு வரும்.

தலையங்கத்தில் தொடங்காதீர்கள். ‘தி ஹிந்து’ தலையங்கம் தினமும் படி என்று எல்லோரும் சொல்கிறார்கள். கெட்ட யோசனை இல்லை, ஆனால் அது இரண்டாவது கட்டம். தலையங்கத்தில் பின்னணியைச் சுருக்கி, பாதியைப் படிப்பவருக்குத் தெரியும் என்று விட்டுவிட்டு எழுதுவார்கள். விளையாட்டு, அறிவியல், வாழ்வியல் பக்கங்களில் இரண்டு மாதம் ஓட்டிவிட்டு அங்கே போங்கள்.

5. எந்தச் சொல்லை எடுப்பது, எதை விடுவது

படிக்கும்போது நிறுத்தாதீர்கள். பென்சிலால் கோடு மட்டும் போட்டுக்கொண்டே போய்க் கட்டுரையை முடியுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று கைபேசியை எடுத்தால் கட்டுரையின் ஓட்டம் அறுந்துவிடும். பொருளை ஊகிக்க உதவுவது அந்த ஓட்டம்தான்.

முடிந்ததும் கோடு போட்டவற்றிலிருந்து ஐந்து சொற்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒரே கட்டுரையில் இரண்டு தடவை வந்த சொல்லுக்கு முதலிடம். முன்பு எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று தோன்றுவதற்கு அடுத்த இடம். ஒரு துறைக்கே உரிய கலைச்சொல்லை, அது உங்கள் துறையாக இல்லாவிட்டால், விட்டுவிடுங்கள். அகராதியில் ‘பழைய வழக்கு’, ‘இலக்கிய வழக்கு’ என்று குறித்திருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

ஐந்து குறைவாகத் தெரியலாம். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் இருபத்தைந்து. 570 குடும்பங்களை முடிக்க ஆறு மாதம் கூட ஆகாது. நாளுக்கு முப்பது எடுப்பவர்களுக்குப் பத்தாம் நாள் முந்நூறு அட்டை மறுபார்வைக்கு நிற்கும், பதினோராம் நாள் நோட்டு பரணுக்குப் போகும்.

6. அகராதியைப் பார்க்கும் வரிசை

பொதுவாக எல்லோரும் பொருளைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நீங்கள் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் ஒலி. ஒலிபெருக்கிப் படத்தை அழுத்தி இரண்டு தடவை கேளுங்கள். தவறான ஒலி ஒரு தடவை மனதில் பதிந்துவிட்டால் அப்புறம் மாற்றுவது பெரும்பாடு.

அடுத்து அது பெயர்ச்சொல்லா, வினையா, உரிச்சொல்லா என்பது. அப்புறம்தான் பொருள், அதுவும் நீங்கள் படித்த வாக்கியத்துக்குப் பொருந்தும் பொருள் மட்டும். ஒரு சொல்லுக்கு ஆறு பொருள் போட்டிருந்தால் ஆறையும் எழுத வேண்டாம்.

கடைசியாக எடுத்துக்காட்டு வாக்கியங்கள். இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். அந்தச் சொல்லுக்கு முன்னால் என்ன வருகிறது, பின்னால் என்ன ஒட்டுகிறது என்று பாருங்கள். அகராதியில் தடித்த எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் அதைத்தான். போதவில்லை என்றால் ஸ்கெல் என்ற இலவசத் தளம் உண்டு. ஒரு சொல்லைக் கொடுத்தால் அது வரும் வாக்கியங்களை நாற்பது வரை வரிசையாகக் காட்டும்.

7. நோட்டில் ஒரு சொல்லை எழுதுவது

‘மிட்டிகேட்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான நோட்டுகளில் இப்படி இருக்கும்: மிட்டிகேட் – குறைத்தல். அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு வாக்கியம் எழுதச் சொன்னால் ‘ஐ மிட்டிகேட்டட் மை வெயிட்’ என்று வரும். உடல் எடையை யாரும் மிட்டிகேட் செய்ய மாட்டார்கள்.

அதே சொல்லை நான் எழுதச் சொல்லும் விதம் இது. முதல் வரியில், எங்கே பார்த்தீர்களோ அந்த வாக்கியத்தை முழுசாக எழுதுங்கள். இரண்டாம் வரியில் அகராதி விளக்கம், சுருக்கமாக: ஒரு தீங்கின் கடுமையைக் குறைப்பது. மூன்றாம் வரியில் அது எவற்றோடு சேரும்: ரிஸ்க், டேமேஜ், இம்பாக்ட், எஃபெக்ட்ஸ். எல்லாமே வேண்டாத விஷயங்கள் என்பது இப்போது கண்ணில் பட்டுவிடும். எடை ஏன் பொருந்தவில்லை என்பதும் புரிந்துவிடும். நாலாம் வரியில் குடும்பம்: மிட்டிகேஷன், மிட்டிகேட்டிங்; ‘மிட்டிகேட்டிங் சர்க்கம்ஸ்டன்ஸஸ்’ என்ற சேர்க்கை நீதிமன்றச் செய்திகளில் வரும். ஐந்தாம் வரியில் நடை: எழுத்துக்கும் அலுவலகத்துக்கும் உரியது, அரட்டைக்கு வராது.

ஆறாம் வரி உங்கள் சொந்த வாக்கியம், உங்கள் ஊரைப் பற்றியது. ‘ஊரணிஸ் ஹெல்ப் மிட்டிகேட் தி எஃபெக்ட்ஸ் ஆஃப் ட்ரௌட்’ என்று எழுதிய பிள்ளைக்கு அந்தச் சொல் மறக்கவில்லை. கோடையில் காய்ந்து கிடக்கும் கண்மாயைத் தினமும் பார்க்கிறவருக்கு அந்த வாக்கியம் கண்ணுக்கு முன்னாலேயே நிற்கிறது.

தமிழ்ப் பொருளை எழுதவே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எழுதுங்கள், ஆனால் கடைசி வரியில், பென்சிலால். சொல் பழகிய பின் அழித்துவிடலாம். முதல் வரியிலேயே தமிழை எழுதினால் கண் அங்கேயே நின்றுவிடும், மற்ற ஐந்து வரிகளையும் யாரும் படிப்பதில்லை.

8. வால் பிடித்து எழுதுவது

சொல்லுக்குப் பின்னால் ஒட்டும் சின்னச் சொல்லை நான் வால் என்று சொல்வேன். தமிழர்கள் அதிகம் தவறுவது இதில்தான் என்பதால் தனியாக ஒரு பகுதி.

தமிழில் ஐ, கு, இல், இருந்து போன்ற உருபுகள் பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த வேலையை டு, ஃப்ரம், ஆஃப், வித் போன்றவை செய்கின்றன, எது வரும் என்பதை முன்னால் நிற்கும் சொல் முடிவு செய்கிறது. ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்று தமிழில் நினைத்துக்கொண்டு எழுதுவதால்தான் ‘டிஸ்கஸ் அபௌட்’ வருகிறது. டிஸ்கஸுக்கு வாலே கிடையாது. ‘எம்ஃபஸைஸ் ஆன்’ என்பதும் அதே தவறு.

உயர்நிலைச் சொற்கள் பலவற்றில் வால் இல்லாமல் சொல்லே நிற்காது. ‘அட்ஹியர்’ என்றால் கூடவே டு. ‘அப்ஸ்டெய்ன்’ என்றால் ஃப்ரம். ‘டிவாய்ட்’ என்றால் ஆஃப். ‘ரெப்ளீட்’, ‘கமென்ஷுரட்’ இரண்டுக்கும் வித். ‘அவர்ஸ்’ (விருப்பமில்லாத) என்றால் டு. இவற்றை வாலோடு சேர்த்து ஒரே சொல்லாக எழுதுங்கள், ஒரே மூச்சில் சொல்லுங்கள், அட்டையிலும் அப்படியே எழுதுங்கள். தனியாகப் படித்துவிட்டு அப்புறம் வாலை ஒட்ட வைக்கலாம் என்றால் தமிழ் உருபு முந்திக்கொள்ளும்.

9. ஒலியைப் பழக்குவது

ஆங்கிலச் சொல்லில் ஒரு அசை ஓங்கி ஒலிக்கும், மற்றவை தாழ்ந்து போகும். தமிழில் அப்படி ஓங்குவதும் தாழ்வதும் கிடையாது. அதனால் நாம் எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொல்லிவிடுகிறோம். கேட்பவருக்குச் சொல் பிடிபடாது.

நோட்டில் ஓங்கும் அசைக்கு மேல் ஒரு சின்னக் கோடு போடுங்கள். ஃபோட்டோகிராஃப் என்பதில் முதல் அசை ஓங்கும், ஃபோட்டோகிராஃபி என்பதில் இரண்டாவது, ஃபோட்டோகிராஃபிக் என்பதில் மூன்றாவது. ஒரே குடும்பத்துக்குள்ளேயே இடம் மாறும் என்பதால் குடும்பத்தையும் வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும்.

எழுத்தைப் பார்த்து ஏமாறும் சொற்களுக்கு ஒரு தனிப் பக்கம் ஒதுக்குங்கள். நான்கு அசையுள்ள ‘ஹைப்பர்பலி’யை ஹைப்பர்போல் என்பார்கள். ‘எபிடமி’யை எபிடோம் என்பார்கள். ‘சட்டில்’ என்பதில் பி ஒலிக்காது. ‘டெப்ரி’யில் கடைசி எஸ் ஒலிக்காது. ‘இண்டைட்’ என்பதில் சி ஒலிக்காது. வீட்டின் முகப்பைக் குறிக்கும் ‘ஃபஸாட்’ என்பதை ஃபகேடு என்று விருந்தினரிடம் சொன்னால் அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும்.

இன்னொன்று. ஏ-டி-இ என்ற எழுத்துகளில் முடியும் சொற்கள் பல, வினையாக வந்தால் ‘ஏட்’ என்றும் உரிச்சொல்லாக வந்தால் ‘அட்’ என்றும் முடியும். எலாபரேட் என்றால் விரித்துச் சொல்வது, எலாபரட் என்றால் விரிவான. ‘இன்ட்ரிகட்’ உரிச்சொல், அதனால் இன்ட்ரிகேட் இல்லை. இந்த ஒரு விதி தெரிந்தால் நிறையச் சொற்கள் சரியாகிவிடும்.

10. அட்டைப் பெட்டி

ஜெர்மனியைச் சேர்ந்த செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் பரப்பிய முறை இது. ஐந்து அறை. பழைய மிட்டாய்ப் பெட்டியில் அட்டையால் தடுப்பு வைத்தால் போதும். புதுச் சொல் எல்லாம் முதல் அறைக்கு. முதல் அறையைத் தினமும் பாருங்கள், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை, நாலாவதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாவதை மாதம் ஒருமுறை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால், எந்த அறையில் இருந்தாலும், முதல் அறைக்குத் திரும்பும்.

முன்பக்கம் சொல்லை எழுதாதீர்கள். உங்கள் சொந்த வாக்கியத்தில் அந்தச் சொல்லின் இடத்தைக் காலியாக விட்டு எழுதுங்கள், முதல் எழுத்தை மட்டும் காட்டுங்கள். பின்பக்கம் சொல்லும் வாலும். சொல்லைப் பார்த்துப் பொருள் சொல்வது எளிது; பேசும்போது தேவைப்படுவது அதற்கு நேர் எதிர்த்திசை. அட்டை அந்தத் திசையில்தான் பழக்க வேண்டும்.

கைபேசியில் செய்ய விரும்பினால் ஆன்கி என்ற செயலி இந்த இடைவெளிகளைத் தானே கணக்கிடும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு. ஆனால் மற்றவர் செய்து வைத்த ஆயிரம் சொல் அட்டைத் தொகுப்பை இறக்கிக்கொள்ளாதீர்கள். நீங்கள் எழுதாத வாக்கியம் உங்களுக்கு எதையும் நினைவூட்டாது.

11. வேர்ச்சொற்கள்: எப்போது, எவ்வளவு

கொஞ்சம் சொற்கள் கைவந்த பிறகுதான் இது. முதல் நாளிலேயே லத்தீன், கிரேக்க வேர்களை நெட்டுருப் போடுவதில் பயனில்லை, மாட்டி வைக்கக் கொக்கியே இருக்காது. நூறு இருநூறு சொற்கள் சேர்ந்ததும் நோட்டைத் திருப்பிப் பாருங்கள், வேர்கள் தாமாகத் தெரியும்.

வங்கிச் செயலியில் பணம் அனுப்பும்போது ‘பெனிஃபிஷியரி’ என்று வருகிறதே, அதில் உள்ள ‘பெனி’ நன்மையைக் குறிப்பது. பெனிஃபிட், பெனிஃபாக்டர், பெனவலன்ட் எல்லாம் அந்த வழி. ‘மால்’ அதற்கு எதிர்: மால்ப்ராக்டிஸ், மால்ஃபங்ஷன், மாலெவலன்ட்.

வேர் ஊகத்துக்கு மட்டும்தான், உறுதிக்கு அகராதி. ‘இன்’ என்றால் எதிர்மறை என்று நம்பிப் போனால் ‘இன்ஃப்ளேமபிள்’ காலை வாரும். அது தீப்பற்றக்கூடியது என்றுதான் பொருள், கேஸ் லாரிப் பின்னால் எழுதியிருப்பது அதனால்தான். ‘இன்வேல்யுவபிள்’ என்றால் விலைமதிப்பற்றது, மதிப்பில்லாதது என்று பொருள் இல்லை. ‘இன்ஃபமஸ்’ என்றால் பெயர் கெட்டவர், பெயர் தெரியாதவர் இல்லை.

12. நெருங்கிய பொருளுள்ள சொற்கள்

ஃப்ரூகல், த்ரிஃப்டி, ஸ்டிஞ்ஜி, மைசர்லி, பார்ஸிமோனியஸ் என்று ஐந்தையும் ஒரே நாளில் எழுதிக்கொள்ளும் வழக்கம் பயிற்சிப் புத்தகங்களால் வந்தது. ஒரே பொருள் வட்டத்துச் சொற்களைப் புதிதாகச் சேர்த்துக் கற்றால் ஒன்றோடொன்று குழம்பும் என்று 1990-களில் நடந்த ஆய்வுகள் காட்டின. தனித்தனியாக, வாரக்கணக்கில் இடைவெளி விட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். எல்லாம் மூன்றாம் அறையைத் தாண்டிய பிறகு ஒரு பக்கத்தில் சேர்த்து எழுதுங்கள்.

அப்படிச் சேர்க்கும்போது எது பாராட்டு, எது வசை என்று பிரியுங்கள். கணக்குப் பிசகாமல் குடும்பம் நடத்தும் ஆச்சியை த்ரிஃப்டி என்றால் பாராட்டு. ஃப்ரூகல் என்றாலும் மரியாதைதான். ஸ்டிஞ்ஜி என்றால் முகத்துக்கு நேரே சொல்ல முடியாது. மைசர்லி இன்னும் கடுமை. பார்ஸிமோனியஸ் எழுத்தில் வரும் வசை. சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் தூரத்தை ஆங்கிலச் சொல்லிலும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். தேர்வில் ‘ஒரே பொருள்’ என்று கேட்டாலும், கட்டுரையில் இவற்றை மாற்றி மாற்றிப் போட முடியாது.

13. வீட்டைச் சுற்றிவந்து பேசுவது

எந்தப் பெரிய வீடாக இருந்தாலும் சரி, அதை ஆங்கிலத்தில் விவரியுங்கள். முகப்பில் நின்று தொடங்கி, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நடந்துகொண்டே பேசுங்கள், கைபேசியில் பதிவு செய்யுங்கள். நடக்கும் வரிசையே பேச்சுக்கு வரிசை தருகிறது, அடுத்து என்ன சொல்வது என்று தேட வேண்டியதில்லை.

நிலைக்கதவின் மரவேலைக்கு ‘இன்ட்ரிகட் கார்விங்’. மேற்கூரைக்கு ‘ஓர்நேட் சீலிங்’. பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் நிறைந்த கூடத்துக்கு ‘ஆப்யுலன்ட்’. அங்கே நடந்த கல்யாணத்துக்கு ‘லாவிஷ்’, பந்திச் சாப்பாட்டுக்கு ‘சம்ப்ச்சுவஸ்’. காரை பெயர்ந்து கிடக்கிறது, ஆனால் ஒரு மூலையில் காவல்காரர் குடும்பம் இருக்கிறது என்றால் ‘டிலாபிடேட்டட்’. ஆளே இல்லாமல், பங்காளிகள் எட்டிப் பார்க்காமல் மரம் முளைத்துக் கிடந்தால் ‘டெரலிக்ட்’. பழைய நிலை மாறாமல் பராமரித்தால் ‘ப்ரிஸ்டீன் கண்டிஷன்’. பக்கத்துப் பக்கத்து வீடுகளையே காட்டி இந்த வித்தியாசத்தைச் சொல்ல முடிகிற ஊர் நம்முடையது. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குள் ஒரு நடை போனால் ‘ஏர்லூம்’, ‘ஆன்ட்டீக்’, ‘டார்னிஷ்ட்’ மூன்றும் கையில் தொட்டுப் பார்க்கக் கிடைக்கும்.

பதிவைக் கேட்கும்போது ‘வெரி’ என்ற சொல்லை எண்ணுங்கள். ‘வெரி பிக்’, ‘வெரி ஓல்டு’, ‘வெரி பியூட்டிஃபுல்’ என்று வந்த ஒவ்வொரு இடத்திலும், இன்னும் சரியான சொல் நோட்டில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்து மறுபடி பேசுங்கள்.

14. எழுத்தில் கொண்டுவருவது

வாரம் ஒரு பத்தி, எட்டு முதல் பத்து வரி. ஒரு பத்தியில் புதுச் சொல் இரண்டுக்கு மேல் வேண்டாம். ஏழெட்டைத் திணித்தால் எது சரியாக வந்தது, எது பிசகியது என்று உங்களுக்கே தெரியாது. தேர்வில் தவறாக வந்த கடினச் சொல் மதிப்பெண்ணைக் குறைக்கத்தான் செய்யும்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு புதுச் சொல்லையும் பக்கத்துச் சொல்லோடு சேர்த்து மேற்கோள் குறிக்குள் போட்டு இணையத்தில் தேடுங்கள். மழைக்கு ‘ஸ்ட்ராங்’ போட்டால் கிடைக்கும் பக்கங்களும் ‘ஹெவி’ போட்டால் கிடைக்கும் பக்கங்களும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பார்த்தால் போதும். நல்ல ஆங்கில நாளிதழ்களில் அந்தச் சேர்க்கை வருகிறதா என்பதே அளவுகோல்.

15. சிக்கிக்கொள்ளும் இடங்கள்

படிக்கும்போது தெரிகிறது, பேசும்போது வருவதில்லை என்பார்கள். அட்டையின் முன்பக்கத்தில் சொல் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் வாக்கியமாக மாற்றுங்கள்.

ஒரே சொல் திரும்பத் திரும்ப முதல் அறைக்கே வந்தால் வாக்கியத்தை மாற்றுங்கள். நாலு தடவைக்கு மேலும் வந்தால் அந்த அட்டையை எடுத்து ஒதுக்கி வையுங்கள். தேவையான சொல்லாக இருந்தால் படிப்பில் மறுபடி எதிர்ப்படும், அப்போது எடுத்துக்கொள்ளலாம்.

திருவிழா, கல்யாணம் என்று பத்து நாள் விட்டுப்போனால் புதுச் சொல் எடுப்பதை நிறுத்திவிட்டு, தேங்கிய அட்டைகளை மட்டும் ஒரு வாரம் பாருங்கள். முதல் அறையில் இருபதுக்குக் கீழே வந்ததும் மறுபடி நாளுக்கு ஐந்தைத் தொடங்குங்கள்.

முன்னேற்றத்தை அளக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டாம் படியில் செய்த நூறு சொல் சோதனையையே செய்யுங்கள், அதே நாளிதழின் அதே பகுதியில், வேறு கட்டுரையில். அடிக்கோடு இரண்டுக்கோ அதற்குக் கீழேயோ இறங்கியிருந்தால் தலையங்கத்துக்குப் போகலாம்.